கொலுசு போட்ட வீரன்: வரைய மறுத்த ஒரு பையனும் ஒரு கையடக்க விளையாட்டும்

சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். சென்ற ஆடியில், கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்த வாரம், ஒரு பாட்டி தன் பேரனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. அம்மா வீட்டிலிருந்தே சலங்கை கோத்துக் கொடுக்கிறார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால செவுரு பூராம் படம் போட்டு வெப்பானுங்க டீச்சர். இப்ப பென்சிலத் தொடறதே இல்லீங்க. ஏன்னு கேட்டாலும் சொல்றதில்ல" என்றார் பாட்டி.

அந்தப் பையனோடு நான் கழித்த 11 சனிக்கிழமைகளின் பதிவு இது. நான் ஓவிய ஆசிரியை. சிகிச்சை தருபவள் இல்லை. இதை மருத்துவக் குறிப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பிள்ளை, ஒரு பழைய விளையாட்டுக் கருவி, நான் கண்ணால் பார்த்தது. அவ்வளவுதான். பையனின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதுவதற்கு அவனிடமும் அவன் அம்மாவிடமும் அனுமதி வாங்கிவிட்டேன்.

முதல் மூன்று வாரம்

முதல் வாரம் தாளைப் பார்த்தபடியே ஒரு மணி நேரம் கைகட்டி உட்கார்ந்திருந்தான். இரண்டாம் வாரம் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டான். போட்ட வேகத்தில் பென்சில் முனை முறிந்தது. அந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன். கோடு மேடாக, நகத்தில் இடறும் அளவுக்குப் பதிந்திருந்தது. அவ்வளவு அழுத்தம். கோட்டைத் தப்பவிடாமல் பிடித்து வைத்திருக்கிற மாதிரி.

மூன்றாம் வாரம் அவன் அம்மா வந்து காரணத்தைச் சொன்னார். இரண்டாம் வகுப்பில் பசுமாடு வரையச் சொல்லியிருக்கிறார்கள். இவன் வரைந்ததைத் தூக்கிக் காட்டி, இது மாடா நாயா என்று வகுப்பிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் படத்தின் மேல் சிவப்பு மையில் குறுக்காக ஒரு கோடு. எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை. அப்படிக் கேட்டவர் அன்று மாலையே மறந்திருப்பார். பையன் மறக்கவில்லை.

இப்படிப் பயந்துபோன பிள்ளைகளை முன்பும் பார்த்திருக்கிறேன். "நல்லா இருக்கு, போடு" என்று நாம் எவ்வளவு சொன்னாலும் பயன் இருக்காது. பாராட்டும் மதிப்பெண்தான், அது நன்றாகத் தெரியும் அவர்களுக்கு. இன்று நல்லா இருக்கு என்பவர் நாளை நல்லா இல்லை என்றும் சொல்வார். அதனால் யாரும் மதிப்பிடாத ஓர் இடம் இவனுக்கு வேண்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் அலமாரியில் இருந்த டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி நினைவுக்கு வந்தது.

கருவியும் விளையாட்டும்

என் தம்பி சிங்கப்பூரில் இருந்தபோது பழசாக வாங்கி வந்த நிண்டெண்டோ டிஎஸ் லைட் அது. புத்தகம் மாதிரித் திறக்கும். மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. கீழ்த்திரையில் மட்டும் குச்சியால் தொட்டு எழுதலாம். டிஎஸ் 2004 கடைசியில் வெளிவந்தது. எல்லா மாடல்களும் சேர்த்து 15 கோடிக்கு மேல் விற்ற கருவி.

அதனோடு இருந்த விளையாட்டு அட்டைகளில் ஒன்று 'டிரான் டு லைஃப்'. அமெரிக்காவின் ஃபிஃப்த் செல் என்ற சிறு நிறுவனம் உருவாக்கி, டிஹெச்கியூ 2007-இல் வெளியிட்டது. எல்லா வயதினரும் ஆடலாம் என்ற தரச்சான்று உண்டு. மேடை மேடையாகத் தாவிச் செல்லும் ஆட்டம்தான். ஆனால் தாவுகிறவனை நாம்தான் வரைய வேண்டும்.

கதை இப்படி. நரி போன்ற முகம் கொண்ட ரபோசா என்ற உயிர்களின் ஊர். அந்த ஊரைப் படைத்தவர் ஒரு புத்தகத்தில் வரைந்தே எல்லாவற்றையும் உண்டாக்கியிருக்கிறார். வில்ஃப்ரே என்பவன் அந்தப் புத்தகத்தின் பக்கங்களைக் கிழித்துவிட, ஊர் இருண்டுபோகிறது. மக்கள் ஓடிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஊர்த்தலைவர், அவர் மகள் மாரி, அவளுடைய தோழன் ஜோவி என்று சிலரே. மாரி வானத்தைப் பார்த்துப் படைத்தவரைக் கூப்பிடுகிறாள். படைத்தவர் வேறு யாருமில்லை, குச்சியைப் பிடித்திருக்கும் நாம்தான்.

வசனமெல்லாம் ஆங்கிலம். பையன் தமிழ்வழியில் படிப்பவன். நான் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொன்னேன். நரிமுகப் பெண்ணின் பெயர் மாரி என்றதும், "நம்ம கோட்டை மாரியா மிஸ்?" என்றான். அவன் வாயிலிருந்து தானாக வந்த முதல் கேள்வி அது. மாரி வானத்தைப் பார்த்துக் கூப்பிடும் இடத்தில் இரண்டாவது கேள்வி வந்தது. "அவங்க என்னையா கூப்பிடறாங்க?"

ஆமாம் என்றேன்.

வீரனுக்குத் தலை, உடம்பு, கை, கால் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைய வேண்டும். வரைந்ததை எடுத்து ஆட்டமே நடக்க வைக்கும், குதிக்க வைக்கும். வரைய விருப்பம் இல்லாதவர்களுக்கு ஆயத்த உருவங்களும் உண்டு. இவன் ஆயத்த உருவத்தையே எடுத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மேற்கொண்டு போக ஒரு மேடையை வரையச் சொன்னது ஆட்டம். அதில் தப்ப முடியாது. கட்டம் முழுவதையும் ஒரே பழுப்பில் அப்பிவிட்டு முடித்தான். ஆட்டம் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, நட்சத்திரமும் கொடுக்கவில்லை. அடுத்த நிமிடம் வீரன் அந்தப் பழுப்புப் பலகை மேல் ஏறி நின்றான்.

பையன் வீரனைக் கீழே குதிக்க வைத்தான். மறுபடி ஏற்றினான். மறுபடி குதிக்க வைத்தான். ஒரு ஐந்தாறு தடவை இருக்கும். "தாங்குது மிஸ்" என்றான்.

விலகிப்போன புள்ளி

ஐந்தாம் வாரம் வீரனைத் தானே வரைவதாகச் சொன்னான். அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

கண் வைப்பதற்கு ஒரு புள்ளி வைத்தான். குச்சி பட்ட இடத்தில் வராமல், சற்று வலப்பக்கம் மேலே தள்ளி வந்தது. அழித்தான். மறுபடி வைத்தான். மறுபடியும் தள்ளியே வந்தது. இன்னும் அழுத்தி வைத்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருவியை மூடிக் கீழே வைத்துவிட்டுப் பழையபடி கைகட்டிக்கொண்டான்.

"என் கை சரியில்ல மிஸ்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு வருடமாக இந்த வாக்கியம்தான் இவனுக்குள் இருந்திருக்கிறது. நான் கருவியைத் திறந்து புள்ளி வைத்துப் பார்த்தேன். எனக்கும் தள்ளித்தான் வந்தது. அவனிடம் காட்டினேன். "என் கையும் சரியில்லையா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் திரையையே பார்த்தான்.

விஷயம் இதுதான். டிஎஸ்-இன் தொடுதிரை நம் செல்போன் திரை போன்றது அல்ல. இரண்டு மெல்லிய அடுக்குகள், நடுவே சின்ன இடைவெளி. குச்சியால் அழுத்தினால் மேலடுக்கு வளைந்து கீழடுக்கைத் தொடும். எங்கே தொட்டது என்பதை மின்னழுத்தத்தை வைத்துக் கருவி கணக்கிடும். நாளாக நாளாக அந்தக் கணக்குக்கும் உண்மையான இடத்துக்கும் இடையே சிறு வித்தியாசம் வரும். இந்த வகைத் திரை எதிலும் நடப்பதுதான். தம்பி வாங்கி வந்த நாளிலிருந்து யாரும் அதைச் சரி பார்த்ததில்லை. அமைப்புகளுக்குள் போனால் சரி செய்ய வழி இருக்கிறது. திரை காட்டும் இடங்களில் குச்சியால் துல்லியமாகக் குத்த வேண்டும்.

அந்தக் குத்தும் வேலையை அவனையே செய்யச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தான். திரும்ப ஆட்டத்துக்கு வந்து ஒரு புள்ளி வைத்தான். வைத்த இடத்திலேயே வந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. வெறுமனே புள்ளிகளாக வைத்துக்கொண்டே போனான். கண்ணும் வரையவில்லை, மூக்கும் வரையவில்லை. அன்று வகுப்பு முடியும் வரை புள்ளிதான். கூப்பிட வந்த பாட்டியிடம், "மிஷின்தான் பாட்டி தப்பு, நான் சரி பண்ணிட்டேன்" என்றான்.

இந்த 11 வாரத்தில் எது திருப்பம் என்று கேட்டால் அந்தப் பிற்பகலைத்தான் சொல்வேன். விளையாட்டைச் செய்தவர்கள் இதைத் திட்டமிட்டிருக்க முடியாது.

பாட்டியின் கோல நோட்டு

அடுத்த வாரம் பாட்டி உடனே கிளம்பாமல் உட்கார்ந்தார். பையன் வீரனின் தலையைப் பெரிதாக்கி வைத்திருந்தான். பெரிதாக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் ஒரு சதுரமாகத் தெரியும். பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது நேர்ப்புள்ளிக் கோலந்தானே சாமி? இந்தப் பக்கம் மூணு வெச்சா அந்தப் பக்கமும் மூணு வெக்கோணும். இல்லீனா காது இழுத்துக்கும்."

மொத்தத் திரையில் அகலத்தில் 256, உயரத்தில் 192, ஆக 49,152 புள்ளிகள் இருக்கிறது என்று பாட்டியிடம் சொன்னேன். "அத்தன புள்ளிக்கு எந்த வாசலுங்க டீச்சர் பத்தும்?" என்றார். உண்மையிலேயே வியந்து கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை பையன் கட்டம் போட்ட கணக்கு நோட்டோடு வந்தான். முதல் பக்கத்தில் பாட்டி கைப்பட ஒரு கோலம். அடுத்த பக்கத்தில் இடது கை, வலது கை, இரண்டு கால், கட்டம் எண்ணி நிரப்பியிருந்தான். வீட்டில், யாரும் சொல்லாமல், பென்சிலால், தாளில். நான் அதைப் பார்த்து எதுவும் பேசவில்லை. பேசினால் கெட்டுவிடும் என்று பயம். அவனே சொன்னான்: "இது படம் இல்ல மிஸ், கணக்கு."

சரி, கணக்கு என்றே இருக்கட்டும் என்றேன்.

கொலுசு

வீரனின் கால்தான் அவனுக்கு ரொம்பப் பிடித்தது. கணுக்காலில் சாம்பல் நிறத்தில் ஒரு வரிசை, நடுவே வெள்ளையில் ஒரே ஒரு புள்ளி. வெள்ளி மின்னுவதற்கு. பட்டறையில் மெருகு ஏற்றிய கொலுசைத் தினமும் பார்க்கிற கண்ணுக்குத்தான் அந்த ஒற்றை வெள்ளைப் புள்ளி தோன்றும். எனக்குத் தோன்றியிருக்காது.

அன்று மழை வரும்போல் இருந்ததால் அப்பா வண்டியில் கூப்பிட வந்தார். வாசலில் நின்றபடியே திரையை வாங்கிப் பார்த்தார். வீரன் குதித்தான். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பட்டறையில் சரக்கைப் பார்க்கிற பார்வைதான்.

"டேய் சாமி, இங்க கண்ணி விட்டிருக்குதுடா. பத்தவெப்பு இல்லாம எப்படி நிக்கும்?"

என் நெஞ்சு திக்கென்றது. மறுபடியும் ஒருவர், மறுபடியும் ஒரு குறை. இப்போது மூடிவிடுவான் என்று நினைத்தேன். பையன் திரையை வாங்கி, பெரிதாக்கி, எண்ணிப் பார்த்தான். உண்மையாகவே ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. வைத்தான். அப்பாவிடம் திருப்பிக் காட்டினான். அவர் தலையை ஆட்டினார். இருவரும் வண்டியில் ஏறிப் போனார்கள்.

நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன். இது மாடா நாயா என்று கேட்டதும் குறைதான், கண்ணி விட்டிருக்கிறது என்பதும் குறைதான். முதலாவது பையனைப் பற்றியது. இரண்டாவது கொலுசைப் பற்றியது. கொலுசுக்கு ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலைக்கு ஒரு புள்ளி குறைகிறது, வைத்தால் சரியாகிவிடும். படத்துக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அதைத் திருத்துவது பிள்ளைக்கு அவமானமாக இருப்பதில்லை. என் பதினான்கு வருட வகுப்பில் நான் இதை இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

இன்னொரு விளையாட்டும் ஒரு ஒப்பீடும்

'டிரான் டு லைஃப்' வந்தபோதே ஒரு குறை சொன்னார்கள்: நாம் எதை வரைந்தாலும் ஆட்டம் பெரும்பாலும் ஒன்றுபோலவே போகிறது, வரைவது அலங்காரம்தான் என்று. நியாயமான குறைதான். 2005-இல் ஹால் லேபரட்டரி என்ற நிறுவனம் டிஎஸ்-க்குச் செய்த 'கிர்பி: கேன்வாஸ் கர்ஸ்' இதற்கு நேர் எதிர். அதில் டிராசியா என்ற ஓவிய சூனியக்காரி உலகத்தையே வண்ணச் சித்திரமாக்கி, ஆட்டத்தின் நாயகன் கிர்பியைக் கை கால் இல்லாத உருண்டையாக்கிவிடுகிறாள். நாம் வானவில் கோடு இழுக்க, கோட்டின் மேல் அந்த உருண்டை ஓடும். மை அளவோடுதான் இருக்கும். கோடு கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். வளைவு சரியில்லை என்றால் உருண்டை விழும். ஆட்டமாகப் பார்த்தால் இதுதான் கெட்டிக்காரத்தனமான அமைப்பு. இதில் கோடுதான் புதிருக்கு விடை.

ஏழாம் வாரம் அதைக் கொடுத்துப் பார்த்தேன். என் தவறு. அவசரப்பட்டுவிட்டேன். மை தீர்ந்து கோடு மறைந்து உருண்டை விழ, பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான். தோள் இறுகியிருந்தது, குச்சியைப் பென்சில் மாதிரியே அழுத்திப் பிடித்திருந்தான். எதை வரைந்தாலும் ஏற்றுக்கொள்ளும் ஆட்டம் ஒரு கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சலிப்பாக இருக்கலாம். பயந்த பிள்ளைக்கு அதுதான் முதல் படி. தப்பினால் விழும் ஆட்டம் இரண்டாம் படி. பத்தாம் வாரம் அவனே, "அந்த உருண்டை பொம்மை குடுங்க மிஸ்" என்று கேட்டு வாங்கினான்.

வேறு யாராவது முயல நினைத்தால் இரண்டு மூன்று விஷயம். வசனத்துக்காகப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். 'டிரான் டு லைஃப்' ஆட்டத்துக்கு 2009-இல் வந்த இரண்டாம் பாகத்தின் டிஎஸ் பதிப்பு, கடைசியில் கார் விபத்து, கோமா என்று போகிறது. 2010-இல் இரண்டு பாகமும் சேர்ந்து வந்த தொகுப்பில் விபத்தை மாற்றி, கதையில் வரும் பையன் மரத்திலிருந்து விழுந்ததாக வைத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நான் முதல் பாகத்தோடு நிறுத்திவிடுவேன். டிஹெச்கியூ 2012 கடைசியில் திவாலாகி, இந்த விளையாட்டு பின்னர் 505 கேம்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. 2020-இல் 'டூ ரெல்ம்ஸ்' என்ற தொடர்ச்சி செல்போனுக்கும் வந்தது. ஆனால் செல்போனில் விரலால் வரையும்போது வைக்கிற புள்ளியை விரலே மறைத்துவிடும். புள்ளி எண்ணும் சுகத்துக்குக் குச்சிதான் வேண்டும். அப்புறம், தட்டுவடை செட் சாப்பிட்ட கையோடு தொடவிடாதீர்கள். காரச் சட்னி திரை ஓரத்தில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

ஏற்காட்டில்

பதினோராவது சனிக்கிழமை பிள்ளைகள் எல்லோரையும் ஏற்காடு கூட்டிப்போனேன். ஐப்பசி மழை விட்ட காலை, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சொட்டிக்கொண்டிருந்தது. மலை ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் பலகை உண்டு. பையன் ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தான்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து எல்லோரும் படகை வரைந்தார்கள். இவன் என்னிடம் நீளமான தாள் கேட்டான். மேலிருந்து கீழாக ஒரே கோடாக மலைப்பாதையை இழுத்தான், 20 வளைவும். உச்சியில் ஒரு உருண்டை. பக்கத்தில் இருந்த பெண், அவனைவிட ஒரு வயது சின்னவள், விரலை உருண்டையில் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தாள். பதினான்காவது வளைவில் நிறுத்தி, "இங்க விழுந்துரும்" என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். ரப்பர் வாங்கினான். அந்த வளைவை அழித்து, வெளிப்பக்கம் கொஞ்சம் மேடாக்கி மறுபடி போட்டான். அவள் மறுபடி ஓட்டினாள். விழவில்லை.

மாறாததையும் எழுத வேண்டும். பள்ளி ஓவிய நோட்டை இன்னும் திறப்பதில்லை. மாடு வரைவதில்லை, நானும் கேட்பதில்லை. அந்தத் திரையில் எவ்வளவு அழுத்தினாலும் கோடு தடிப்பதில்லை என்பது புரிந்ததும் குச்சியை லேசாகப் பிடிக்கப் பழகிவிட்டான். பென்சிலில் அந்தப் பழக்கம் வரவில்லை.

ஏற்காடு தாளோடு இப்போது இன்னும் மூன்று தாள் ஒட்டியிருக்கிறான். கோடு மலையிறங்கி, கோரிமேடு தாண்டி, அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றிச் செவ்வாய்பேட்டைப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. பின்பக்கம் தடவினால் இன்னும் விரலில் இடறுகிறது.